போய் வருகிறவர்களே நிலைத்தவர்கள்

ஒவ்வோர் ஆண்டும் யூலை நெருங்க, பாரிஸின் லாச்சப்பல் தேநீர்க்கடைகளிலும் புறநகரான லெ பிளாங்-மெனில் பிறந்தநாள் விழாக்களிலும் ஒரு விசாரணை தொடங்கிவிடும். இந்த முறை யார் ஊருக்குப் போகிறார்கள்? எத்தனை பேருக்கு ரிக்கற் போட்டார்கள்? விசாரித்து முடிந்ததும் தீர்ப்பும் வந்துவிடும். "இவை இரண்டு தோணியில கால் வைச்சிருக்கினம். இஞ்சையும் ஒட்டேல்லை, அங்கையும் ஒட்டேல்லை. இருக்கிறதெண்டால் இஞ்சை இருக்கோணும், இல்லாட்டி ஒரேயடியா அங்கை போகோணும்."

இதே தீர்ப்பைப் பிரெஞ்சுக்காரர் வேறு மொழியில் சொல்கிறார்கள். விடுமுறை வந்ததும் பெட்டி கட்டுகிறவர் இந்த நாட்டோடு சேர மனமில்லாதவர் என்பது அவர்களில் பலருடைய எண்ணம். எங்களுக்குள்ளேயே இன்னொரு குரலும் இருக்கிறது: "உயிருக்கு ஆபத்து என்று தஞ்சம் கேட்டவர், இப்போது கோயில் திருவிழாவுக்குப் போகிறாரே, அப்போது சொன்னது பொய்யா?" மூன்று வாய்களும் கேட்பது ஒன்றைத்தான். ஒரு மனிதருக்கு ஓர் ஊர்தான் இருக்க முடியும், இரண்டில் ஒன்றைத் தெரிவு செய் என்கிறார்கள்.

இந்தக் கருத்து பிழை என்பதே என் வாதம். ஊருக்குப் போய் வருவது புலம்பெயர்ந்தவரை இங்கே நிலைக்க விடாமல் தடுக்கவில்லை. எங்களில் பெரும்பாலானோர் விடயத்தில் அதுதான் அவர்களை இங்கே நிலைக்கவே வைத்தது.

நடந்ததைப் பார்ப்போம். பிரான்சுக்குத் தமிழர் பெருந்தொகையாக வரத் தொடங்கியது 1983 யூலைக் கலவரத்துக்குப் பிறகு. வந்தவர்கள் அகதிகளுக்கான அரச அலுவலகமான ஓப்ராவில் தஞ்சம் கேட்டார்கள். ஏற்றுக்கொண்டால் வதிவிடக் காட் கிடைத்தது, மறுத்தால் மேன்முறையீடு. அகதியாக ஏற்கப்பட்டவரின் கைக்கு ஒரு பயணப் பத்திரமும் வந்தது. அதைக் கொண்டு இலங்கை தவிர்ந்த நாடுகளுக்குப் போகலாம் என்று அதிலேயே அச்சிட்டிருக்கும். தடுக்கப்பட்ட அந்த ஒரு நாட்டில்தான் அம்மா இருந்தார்.

அந்தத் தடைக்குச் சட்டக் காரணம் உண்டு. 1951ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கை, ஒருவர் தாமாக விரும்பி மீண்டும் தன் நாட்டின் பாதுகாப்பை நாடினால் அகதித் தகுதி முடிவுக்கு வரும் என்கிறது. ஆகவே ஊருக்குப் போவதென்றால் காட்டைப் பணயம் வைக்க வேண்டும். பத்து, பதினைந்து, இருபது ஆண்டுகள் போகாமலே இருந்தவர்கள் எங்கள் தெருவெங்கும் இருக்கிறார்கள். குடும்ப இணைவில் வந்து ஊர்ப் பாஸ்போட்டோடு இருந்தவர்களுக்குச் சட்டத் தடை இல்லை. ஆனால் போரும் சோதனைச் சாவடிகளும் அவர்களையும் தடுத்தன.

"ஊருக்குப் போகாதவனே இங்கு ஒட்டுவான்" என்ற விதி சரியென்றால், அந்தத் தலைமுறைதான் இந்த நாட்டில் மிக நன்றாக ஒட்டியிருக்க வேண்டும். நடந்தது நேர்மாறு. ஓர் அறையில் நாலைந்து பேர் படுத்து, ரெஸ்ரோறன்ட் கிச்சினில் கோப்பை கழுவி, கிடைத்த காசைச் சீட்டுக்கும் ஏஜென்சிக் கடனுக்கும் தங்கச்சியின் சீதனத்துக்குமாகப் பிரித்து அனுப்பினார்கள். பிரெஞ்சு படியுங்கள் என்றால், "எதற்கு? இன்னும் இரண்டு வருசத்தில் தீர்வு வந்துவிடும், போய்விடலாம்" என்றார்கள். நல்ல கட்டில் வாங்கச் சொன்னாலும் அதே பதில்தான். திரும்பிப் போவோம் என்ற நினைப்பே வாழ்வை அடுத்த வருசத்துக்குத் தள்ளிப் போட்டது. ஊரைக் காணாதவர் மனத்தில் ஊர் அவர் விட்டுவந்த அன்றைய கோலத்திலேயே இருந்தது. அந்த ஊருக்குத் திரும்பலாம் என்று அவர் நம்பினார். அந்த ஊரோ அதற்குள் இல்லாமல் போயிருந்தது.

துக்கத்துக்கும் இதே கதிதான். 90களில் யாழ்ப்பாணத்திலிருந்த பெற்றோரின் குரலைக் கேட்க வேண்டுமென்றால் அவர்கள் கொழும்புக்கு வந்து ஒரு லொட்ஜில் தங்கித் தொலைபேசிக்காகக் காத்திருக்க வேண்டியிருந்தது. தகப்பன் இறந்தால் செய்தி பிந்தி வரும். மகன் இங்கே மொட்டை அடித்து, விரதம் இருந்து, அந்தியேட்டியும் செய்வார். மாதங்கள் கழித்துச் செத்தவீட்டு வீடியோ கசற் வந்து சேரும். அதைத் தனியே இருந்து பார்ப்பார். கொள்ளி வைத்தது பெரியப்பாவின் மகன். அந்தக் கசற்றோடு அவருடைய துக்கம் முடியவில்லை. முடியாத துக்கத்தோடு இருப்பவரிடம் போய் "இந்த நாட்டோடு சேர்" என்றால் அவரால் எப்படிச் சேர முடியும்?

பிறகு வழி திறந்தது. 2002இல் போர்நிறுத்தம் வந்து யாழ்ப்பாணத்துக்கான ஏ9 பாதை திறக்கப்பட்டது. 2006 ஓகஸ்ட்டில் மூடப்பட்டது. 2009இல் பேரழிவோடு போர் முடிந்தது. 2014 ஒக்டோபரில் யாழ்தேவி ரயில் மீண்டும் யாழ்ப்பாணம் வந்தது. அதே மாதத்தில்தான் வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருப்போர் வடக்கே போகப் பாதுகாப்பு அமைச்சின் அனுமதி பெற வேண்டும் என்ற கட்டுப்பாடும் வந்தது. 2015 சனவரியில் ஆட்சி மாறியதும் அது நீங்கியது. 2019 ஒக்டோபரில் பலாலி சர்வதேச விமான நிலையமானது. திறப்பதும் மூடுவதுமாக இருந்த அந்தக் கதவு வழியாகத்தான் எங்கள் சனம் போய் வந்தது.

அகதியாக இருந்தவர் எதைக் கொண்டு போனார்? பிரெஞ்சுக் கடவுச்சீட்டைக் கொண்டு. அதைப் பெற அவர் பிரெஞ்சு கதைக்கக் கற்றார், வரி கட்டிய பத்திரங்களைச் சேர்த்தார், சம்பளத் துண்டுகளை ஒழுங்காக அடுக்கினார், பிரான்சின் வரலாற்றைப் படித்துப் பொபினி பிரிபெக்சரில் நேர்முகத்துக்குப் போய் உட்கார்ந்தார். மொழித் தகுதி பின்னர் மேலும் இறுக்கப்பட்டது. 2026 சனவரி முதல் குடியுரிமைக்குக் கேட்பது பி2 நிலை. இவ்வளவையும் எதற்காகச் செய்தார்கள் என்று எங்கள் ஆட்களைக் கேட்டுப் பாருங்கள். "அம்மாவை உயிரோடு பார்க்கோணும்" என்று சொன்னவர்கள் எத்தனை பேர்! பிரெஞ்சு அரசு எந்தப் பிரசாரத்தாலும் செய்ய முடியாததை ஊருக்குப் போகும் ஆசை செய்தது. ஆகவே ஓகஸ்ட் மாதம் றுவாசி விமான நிலையத்தில் பெட்டியோடு நிற்கும் அந்தக் குடும்பத்தைப் பார்த்து "இவர்கள் இந்த நாட்டோடு சேராதவர்கள்" என்பது உண்மையைத் தலைகீழாகப் பிடிப்பது. அங்கே நிற்கிறார்கள் என்றாலே அவர்களில் பெரும்பாலோர் இந்த நாட்டின் படிகளையெல்லாம் ஏறி முடித்தவர்கள்.

போய் வந்தபின் அவர்கள் செய்ததையும் பார்க்க வேண்டும். எனக்குத் தெரிந்த ஒருவர் புங்குடுதீவுக்காரர். லெ பிளாங்-மெனிலில் வாடகை வீட்டில் இருந்தார். மூட்டை முடிச்சைப் பாதி அவிழ்த்தபடியே பல வருசம் வாழ்ந்தவர். போர் முடிந்தபின் முதல்முறை ஊருக்குப் போனார். வீட்டில் ஓடு இல்லை, கதவு யன்னல் நிலைகளையும் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். நடு விறாந்தையில் ஆலங்கன்று ஒன்று ஆள் உயரத்துக்கு மேல் நின்றது. சாமியறையின் சுவர் மாடம் மட்டும் புகைக் கறுப்போடு அப்படியே இருந்தது. பக்கத்து வளவுக்காரர் ரொறன்ரோவில், எதிர்வீட்டார் சூரிச்சில், பள்ளியில் கூடப் படித்தவர்களில் பலர் உயிரோடு இல்லை. வளவைத் துப்புரவாக்கி, தாய் தகப்பன் பேரில் கோயிலில் ஒரு பூசை செய்து, காணி உறுதியைத் தேடி எடுத்துக்கொண்டு திரும்பினார். அந்த மாரியில் வங்கிக் கடனுக்கு விண்ணப்பித்தார். இன்று அதே நகரில் சிறு தோட்டத்தோடு அவருக்கு வீடு இருக்கிறது. மகளின் பள்ளிப் பெற்றோர் கூட்டத்தில் பிரெஞ்சில் எழுந்து நின்று பேசுகிறார். "ஊரைக் கண்ட பிறகுதான் நான் இஞ்சை வந்து சேர்ந்தனான்" என்பார். இவரைப் போன்றோர் திரான்சியிலும் ஓல்னேயிலும் லா கூர்நெவிலும் ஏராளம்.

இனிப் பிரெஞ்சுக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று. பாரிஸின் கபேக்களை உருவாக்கியவர்கள் யார்? மலைநாடான ஒவெர்ஞிலிருந்து பிழைக்க வந்தவர்கள். தண்ணீர் சுமந்தார்கள், நிலக்கரி விற்றார்கள், பிறகு மதுச்சாலைகளையும் கபேக்களையும் பிடித்தார்கள். 1882இல் லூயி போனே என்பவர் அவர்களுக்காக ஒரு பத்திரிகை தொடங்கினார். அவர்கள் தங்கள் கிராமங்களுக்குப் போய்வரச் சலுகைக் கட்டண ரயில்களை ஏற்பாடு செய்ததும் அவர்தான். ஊர்ச்சங்கம், ஊர்ப் பத்திரிகை, விடுமுறைக்கு ஊர்ப் பயணம், ஊரில் ஒரு வீடு: இன்று எங்களைப் பார்த்துக் குறை சொல்வதெல்லாம் அவர்களிடமும் இருந்தது. அவர்களைப் பாரிஸோடு சேராதவர்கள் என்று யாரும் சொல்வதில்லை, அவர்களே பாரிஸ் என்கிறார்கள்.

போர்த்துக்கேயரையும் பாருங்கள். 1960களில் பலர் களவாக எல்லை கடந்து இங்கே வந்தார்கள். குடியேற்ற நாடுகளில் நடந்த போருக்கு ஆள் பிடிப்பதிலிருந்து தப்பி ஓடிவந்த இளைஞர்கள் அவர்களில் இருந்தார்கள். 1974 ஏப்ரலில் சர்வாதிகாரம் விழும்வரை அந்த இளைஞர்களும் ஊர் போக முடியாமல்தான் இருந்தார்கள். பிறகு ஓகஸ்ட் தோறும் கார்களில் ஏறி ஊருக்குப் போனார்கள், அங்கே வீடும் கட்டினார்கள். இன்று அவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இந்த நாட்டின் எல்லாத் தொழில்களிலும் இருக்கிறார்கள். ஒரே செயல், லிஸ்பனுக்குப் போனால் பாசம், யாழ்ப்பாணத்துக்குப் போனால் விலகலா?

பிரெஞ்சுச் சட்டமே இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. குடியுரிமை பெறுகிறவரிடம் பழைய குடியுரிமையை விட்டுவிடு என்று அது நிபந்தனை போடவில்லை. "ஒன்றைத் தெரிவு செய்" என்று சொன்னது இலங்கைச் சட்டம். வேறொரு நாட்டின் குடியுரிமையை ஏற்றவர் இலங்கைக் குடியுரிமையை இழக்கிறார். 1987இல் இரட்டைக் குடியுரிமைக்கு வழி செய்தார்கள். 2011இல் அதை நிறுத்தி 2015இல் மீண்டும் தொடங்கினார்கள். அதைப் பெறாதவர் தான் பிறந்த ஊருக்கு, தொப்புள்கொடி புதைத்த வளவுக்கு, முப்பது நாள் சுற்றுலா விசாவில் போகிறார். எங்களைத் துரத்திய அரசு போட்ட கோட்டை, எங்கள் ஆட்களே தேநீர்க்கடையில் இருந்துகொண்டு மறுபடி ஏன் போட வேண்டும்?

அடுத்து, "தஞ்சம் கேட்டது பொய்யா" என்ற கேள்வி. இதில் இரக்கமும் இல்லை, விளக்கமும் இல்லை. அகதித் தகுதியோடு இருந்தவர்கள் இலங்கைக்குப் போகவில்லை. பெற்றோரைத் திருச்சிக்கும் சென்னைக்கும் அழைத்து, மாத வாடகைக்கு வீடெடுத்து, அங்கே வைத்துப் பார்த்தார்கள். பாரிஸ் மாப்பிள்ளைக்கும் யாழ்ப்பாணப் பெண்ணுக்கும் திருச்சியில் கலியாணம் நடந்தது ஆசைக்காகவா? குடியுரிமை பெற்ற பிறகு ஊருக்குப் போகிறவர் பிரெஞ்சுக் குடிமகனாகப் போகிறார். ஏதும் நடந்தால் கேட்பதற்கு ஒரு தூதரகம் இருக்கிறது. அந்தப் பாதுகாப்பு அவருடைய ஒன்றுவிட்ட தம்பிக்கு இல்லை. 1979இல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டம் போர் முடிந்தும் ஆண்டுக்கணக்காக நீடித்தது. வலிகாமம் வடக்கில் இராணுவம் பிடித்து வைத்திருந்த சொந்தக் காணியை முள்வேலிக்கு வெளியே நின்று பார்த்தவர்கள் இருக்கிறார்கள். வெளிநாட்டுக் கடவுச்சீட்டோடு மூன்று வாரம் போய் வந்தவரைக் காட்டி "நாடு பாதுகாப்பாகிவிட்டது, தஞ்சம் கேட்பவரைத் திருப்பி அனுப்பலாம்" என்று வாதிடுவது அநியாயம். அந்த முள்வேலியைக் கண்டுவந்து இங்கே சொல்கிறவர்களும் இந்தப் பயணிகள்தான்.

இன்னொரு குற்றச்சாட்டு, வீண்செலவும் படாடோபமும். இதில் உண்மை இருக்கிறது, மறைக்க மாட்டேன். கைநிறைய நகையோடு போய் இறங்குவது, வாடகை வாகனத்தை நாள்முழுக்கப் பிடித்து வைத்திருப்பது, காணி விலையை ஏற்றிவிடுவது, உறவுக்குள் ஒருவருக்குக் கொடுத்து மற்றவருக்குக் கொடுக்காமல் பகை மூட்டுவது எல்லாம் நடக்கிறது. பயணத்தைக் கண்காட்சியாக்கினால் குறை, ஆக்குகிறவரிடம் இருக்கிறது. கலியாணத்தில் ஆடம்பரம் கூடிவிட்டது என்பதற்காக யாரும் கலியாணமே வேண்டாம் என்பதில்லை.

பிள்ளைகளைப் பற்றியும் சொல்கிறார்கள். வெயில், நுளம்பு, வயிற்றோட்டம், அங்கே போய் அழுகிறார்கள், எதற்கு இழுத்துக்கொண்டு போவது என்கிறார்கள். இங்கே தமிழ்ச்சோலைப் பள்ளிகளில் வார இறுதியில் எங்கள் பிள்ளைகள் எழுத்துப் படிக்கிறார்கள், பரீட்சை எழுதுகிறார்கள். அந்தத் தமிழை யாரோடு கதைப்பது? தகப்பனோடு கதைத்தால் பிரெஞ்சில் பதில் சொல்லித் தப்பலாம். அப்பம்மாவோடு தப்ப முடியாது. கிணற்றடியில் அவருக்கு வாளி எடுத்துக் கொடுக்கவும், ஒடியல் கூழில் மீன் முள்ளைப் பார்த்துக் குடிக்கவும் அந்த மொழி வேண்டும். இன்னொன்றும் நடக்கிறது. லெ பிளாங்-மெனில் பள்ளியில் "நீ எந்த நாடு?" என்று கேட்கப்படும் பிள்ளையை ஊரில் எல்லாரும் "பிரான்ஸ் பிள்ளை" என்கிறார்கள். தான் பிரான்சுக்கும் உரியவள் என்பதை அந்தப் பிள்ளை முதன்முதலாக நம்பத் தொடங்குவது பல வேளைகளில் யாழ்ப்பாணத்தில்தான். திரும்பி வந்து வகுப்பில் உட்காரும்போது அவளுக்குத் தன்னைப் பற்றிய தடுமாற்றம் குறைந்திருக்கிறது.

என் வாதத்துக்கு வலுவான எதிர்வாதம் தேநீர்க்கடையில் இல்லை, ஒரு புத்தகத்தில் இருக்கிறது. அல்ஜீரியாவில் பிறந்து பிரான்சில் வாழ்ந்த சமூகவியலாளர் அப்தல்மாலெக் சையாத் மறைந்த மறு ஆண்டு, 1999இல், 'இரட்டை இல்லாமை' என்ற பொருள் தரும் தலைப்பில் அவரது நூல் வெளிவந்தது. புலம்பெயர்ந்தவர் விட்டுவந்த இடத்திலும் இல்லை, வந்த இடத்திலும் இல்லை என்பது அவரது கவலை. அவர் காட்டிய ஒன்று எங்களுக்குச் சுடவேண்டும். விடுமுறைக்கு ஊர் போகும் தொழிலாளி இங்கே படும் பாட்டை அங்கே மறைக்கிறார். அந்த மறைப்பை நம்பி அடுத்தவர் புறப்பட்டு வருகிறார்.

இது எங்களுக்கும் பொருந்தும். ஆனால் சையாத் காட்டும் நோய் பயணத்தில் இல்லை, பொய்யில் இருக்கிறது. ஊரிலிருக்கும் மருமகனிடம் கிச்சினில் எத்தனை மணி நேரம் நிற்கிறோம், கேஸ் மறுக்கப்பட்டவர் விசாவில்லாமல் எத்தனை வருசம் ஒளிந்து வேலை செய்கிறார், ஏஜென்சிக் காசைக் கட்டி முடிக்க எவ்வளவு காலம் பிடிக்கிறது என்று உட்கார வைத்துச் சொன்னால், அந்தப் பயணம் ஓர் உயிரைக் கடலிலிருந்தும் காட்டிலிருந்தும் காக்கும். தொலைபேசியில் இதைச் சொன்னால் "தான் போய்விட்டு என்னை வரவேண்டாம் என்கிறார்" என்பான். எதிரே உட்கார்ந்து, வெடித்த கைகளைக் காட்டிச் சொன்னால் நம்புவான்.

இரண்டு இடங்களில் கால் வைப்பது எங்களுக்குப் புதிதும் அல்ல. யாழ்ப்பாணத்தார் மலாயாவுக்குப் போய் ரயில்வேயிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் வேலை செய்தார்கள். போய் வந்தார்கள். பென்சனோடு திரும்பியவர்கள் ஊரில் வீடு கட்டினார்கள், பள்ளிக்கூடங்களுக்குக் கொடுத்தார்கள். அங்கேயே தங்கியவர்களின் பிள்ளைகள் மலேசியராகவும் சிங்கப்பூரராகவும் தலைநிமிர்ந்தார்கள். இன்று லாச்சப்பல் கடைக் கண்ணாடிகளில் ஒட்டியிருக்கும் கண்ணீர் அஞ்சலிகளைப் பாருங்கள். பிறப்பிடம் வேலணை, வதிவிடம் லெ பிளாங்-மெனில் என்று இரண்டையும் ஒரே வரியில் எழுதுகிறோம். 1985இல் தொடங்கிய பாரிஸ் மாணிக்க விநாயகர் ஆலயத்தின் தேர் லாச்சப்பல் தெருக்களில் ஓடுகிறது. நல்லூர்த் தேரைப் பார்த்துவிட்டு அதற்கு வந்து சேருகிறவர்களும் உண்டு. ஒரு தேரால் மற்றத் தேர் குறைந்துபோகவில்லை.

ஆகவே போகக்கூடியவர்கள் போங்கள். பெற்றோர் இருக்கும்போதே போங்கள், செத்தவீட்டுக்குப் போவதற்காகக் காத்திராதீர்கள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். காணி உறுதிகளைச் சரிபார்த்து, உங்களுக்கு வேண்டாததை அங்கே இருந்து பாடுபடுகிறவருக்கு எழுதிக் கொடுங்கள். நகையைக் குறைத்து உண்மையைக் கூடக் கொண்டுபோங்கள். புதிதாகத் தஞ்சம் கேட்டு, பயணப் பத்திரத்தின் அந்த ஒற்றை வரியால் தடுக்கப்பட்டு இருக்கிறவரிடம் "ஏன் போகவில்லை" என்று கேட்காதீர்கள். போய் வருகிறவரிடம் "நீ எந்தப் பக்கம்" என்றும் கேட்காதீர்கள். அவருக்கு இரண்டு இடங்களிலும் வீடும் கடமையும் இருக்கின்றன, இரண்டையும் அவர் செய்துகொண்டுதான் இருக்கிறார்.